நேபாளக் கொடி: அரசியலமைப்பைப் பார்த்து வரைந்து தைத்த அனுபவம்

நேபாளத்தின் தேசியக் கொடியை, அந்த நாட்டு அரசியலமைப்பு சொல்கிற முறைப்படியே வரைந்து, வெட்டி, தைத்து முடித்துவிட்டேன். ஓரப் பட்டியோடு சேர்த்து உயரம் 87.2 செ.மீ., அகலம் 71.6 செ.மீ. எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் சூரியனும் சந்திரனும் வெள்ளையாகவே தெரிகின்றன. ஐந்து மூலைகளும் கூராக நிற்கின்றன. இதற்கு முன்னால் பாதி அளவில் தைத்துப் பார்த்த கொடி சரிப்படவில்லை. அது எந்தெந்த இடத்தில் படுத்தியது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குத் துணியாவது மிச்சமாகும்.

மாலை நேரத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். இணைகோடு, செங்குத்து, இருசமவெட்டி எல்லாவற்றையும் அவர்கள் நோட்டில் போட்டுப் போட்டுப் பழகுகிறார்கள். அந்தக் கோடுகளை மட்டும் வைத்து ஒரு தேசம் தன் கொடியை வரையறுத்திருக்கிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கொடி இப்போது வகுப்புச் சுவரில் தொங்குகிறது.

உலகத்தில் நாற்கரமாக இல்லாத தேசியக் கொடி இது ஒன்றுதான். அகலத்தைவிட உயரம் அதிகமாக இருப்பதும் இதன் தனித்தன்மை. ஒன்றின் மேல் ஒன்றாகப் பறந்துகொண்டிருந்த இரண்டு முக்கோணக் கொடிகள் காலப்போக்கில் சேர்ந்து உருவானது இந்த வடிவம். சிவப்புத் துணி, சுற்றிலும் நீலப் பட்டி, மேல் முக்கோணத்தில் கதிர்களோடு பிறைச் சந்திரன், கீழ் முக்கோணத்தில் சூரியன். 1962 டிசம்பர் 16 அன்று நடப்புக்கு வந்த அரசியலமைப்போடு அளவுமுறை சட்டமானது. வடிவத்தை வரையறுத்துக் கொடுத்தவர் சங்கர்நாத் ரிமால் என்ற பொறியாளர். 2015இல் வந்த இப்போதைய அரசியலமைப்பிலும் முதல் அட்டவணை இதற்குத்தான்: மொத்தம் 24 படிகள். நான் தேடிப் படித்த சட்ட வாசகங்களிலேயே, கையில் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு உட்காரச் சொல்வது இது ஒன்றுதான். சிவப்புத் துணியின் கீழ்ப்பகுதியில் வேண்டிய நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள் என்றுதான் அதன் முதல் படி தொடங்குகிறது.

அந்த 24 படிகளில் ஓர் இடத்தில்கூட செ.மீ. கிடையாது, அங்குலம் கிடையாது. முதலில் போடும் அடிக்கோடு ஒன்றுதான் நம் விருப்பம். மற்ற அத்தனையும் அதிலிருந்து வந்து சேர்கின்றன.

அடிக்கோட்டை 60 செ.மீ. என்று வைத்துக்கொண்டேன். பாதி அளவுக் கொடிக்கு 30 வைத்திருந்தேன். அதில் சந்திரனின் கதிர் ஒவ்வொன்றும் 1.1 செ.மீ. உயரம்தான் வந்தது. அந்த அளவில் துணியை உள்ளே மடக்கித் தைக்கவும் முடியாது, மடக்காமல் விட்டால் நூல் பிரிந்து கதிரே காணாமல் போகும். 60க்குப் போனால் கதிர் 2.2 செ.மீ. ஆகிறது, கை வேலைக்குப் போதும். 60 வைத்ததில் இன்னொரு வசதியும் கிடைத்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

நேரடியாகத் துணியில் வரைய வேண்டாம். புத்தகத்துக்கு அட்டை போடும் காக்கித் தாள் சுருளை எடுத்து, இரண்டு தாளைப் பின்பக்கம் ஒட்டி அகலப்படுத்தினேன். ஒரு மீட்டர் இரும்பு ஸ்கேல், தச்சர்கள் வைத்திருக்கும் மூலைமட்டம், கூரான பென்சில், பெரிய காம்பஸ், இவ்வளவுதான் வேண்டும். தையல் டேப் வேண்டாம். பழைய டேப் இழுபட்டு நீண்டிருக்கும், என்னுடையது மீட்டருக்கு 4 மி.மீ. நீண்டிருந்தது.

புள்ளிகளுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். அடிக்கோட்டின் இடது முனை அ, வலது முனை ஆ. அ-விலிருந்து நேர் மேலே ஒரு கோடு, அடிக்கோட்டைவிட மூன்றில் ஒரு பங்கு நீளமாக. அடிக்கோடு 60 என்றால் இது 80. அதன் உச்சி இ. இதுதான் கம்பத்தை ஒட்டிய பக்கம். இந்த இடத்தில்தான் 60 வைத்ததன் வசதி. 60க்கு 80 என்றால் ஆ-விலிருந்து இ வரை சரியாக 100 செ.மீ. இருந்தாக வேண்டும். கொத்தனார் கடைக்கால் போடும்போது நூலில் 3, 4, 5 அடி பிடித்து மூலை பார்ப்பாரே, அதே கணக்கு. மீட்டர் ஸ்கேலைக் குறுக்கே வைத்தேன், இரண்டு முனையும் இரண்டு புள்ளியிலும் உட்கார்ந்தன. அந்த மூலை சதுரமாக இல்லாவிட்டால் அடுத்து வரும் எதுவுமே சரியாக வராது. அதனால் இதைப் பார்க்காமல் மேலே போக வேண்டாம்.

அப்புறம் கம்பப் பக்கத்தில் அ-விலிருந்து 60 செ.மீ. உயரத்தில் ஈ. ஆ-வையும் ஈ-யையும் சேர்த்தால் 45 பாகையில் ஒரு சாய்கோடு, நீளம் 84.85. அந்தச் சாய்கோட்டின் மேல் ஆ-விலிருந்து 60 அளந்து உ. உ வழியாக அடிக்கோட்டுக்கு இணையாக ஒரு கோடு: அது கம்பப் பக்கத்தில் தொடும் இடம் ஊ, அங்கிருந்து வலப்பக்கம் 60 அளந்தால் எ. கடைசியாக இ-யையும் எ-யையும் சேர்த்தால் இரண்டு கொடுமுடிகளும் வந்துவிடும்.

இங்கே ஒரு சோதனை செய்துகொள்ளலாம். அ-விலிருந்து ஊ வரை 42.43 வர வேண்டும். உ-விலிருந்து எ வரையும் அதே 42.43. ஒன்று நிற்கும் கோடு, ஒன்று படுத்த கோடு, இரண்டும் ஒரே நீளம். என் தாளில் முதலாவது 42.4, இரண்டாவது 42.5. பென்சில் கோட்டின் தடிமனுக்குள் அடங்கிவிடுகிற வித்தியாசம், விட்டுவிட்டேன்.

இரண்டு முக்கோணங்களும் இமயத்தின் சிகரங்கள் என்று சொல்வார்கள். இந்து சமயம், பௌத்தம் என்ற இரண்டு வழிகளைக் குறிப்பதாகவும் சொல்வதுண்டு. வரைந்து பார்த்த எனக்கு முதல் விளக்கம்தான் மனதில் நிற்கிறது. கீழ் முக்கோணத்தின் சாய்வு 45 பாகை, மேல் முக்கோணத்தின் சாய்வு 32 பாகை. இரண்டும் ஒன்றையொன்று நகலெடுக்கவில்லை. மலைத்தொடரைப் பார்க்கும்போதும் முன்னால் ஒரு சரிவும் பின்னால் வேறொரு சரிவுமாகத்தானே தெரியும்.

அடுத்தது சந்திரன். வேலையில் பாதி இதில்தான். கம்பப் பக்கத்துக்கு இணையாக, அதிலிருந்து 15 செ.மீ. தள்ளி, அதாவது அடிக்கோட்டில் கால் பங்கில், மேலும் கீழுமாக ஒரு நடுக்கோடு. சூரியன், சந்திரன் இரண்டும் இந்த ஒரே கோட்டில்தான் கோத்திருக்கின்றன. இ-க்கும் ஊ-வுக்கும் நடுவே கம்பப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து படுக்கையாக ஒரு கோடு இழுத்தால் நடுக்கோட்டை வெட்டும் இடம் ல. அதே புள்ளியிலிருந்து எ-க்கு ஒரு கோடு இழுத்தால் நடுக்கோட்டை வெட்டும் இடம் ம. ம-விலிருந்து 45 பாகைச் சாய்கோட்டுக்கு மிகக் குறுகிய தூரம் எவ்வளவோ, அவ்வளவை நடுக்கோட்டில் ம-வுக்குக் கீழே அளந்தால் ந.

அந்த மிகக் குறுகிய தூரத்தை எடுக்க, காம்பஸ் முள்ளை ம-வில் ஊன்றி, பென்சில் முனை சாய்கோட்டைக் கடக்காமல் தொட்டு மட்டும் போகிற அளவுக்குத் திறந்தேன். 8.14 செ.மீ. வர வேண்டும். காம்பஸ் திருகை அப்படியே இறுக்கி வைத்துவிட்டேன். இந்த அளவு இன்னும் இரண்டு இடத்தில் வேண்டும்.

ல-வை மையமாக வைத்து ந வரை 12.84 செ.மீ. ஆரத்தில் கீழ்ப்பக்கம் ஒரு வளைவு. இது பிறையின் உள்விளிம்பு. ம வழியாகப் போகும் படுக்கைக் கோட்டை இந்த வளைவு வெட்டும் இரண்டு இடங்கள்தான் பிறையின் கொம்புகள். ம-வை மையமாக வைத்து, கொம்பு வரை 11.95 செ.மீ. ஆரத்தில் கீழே ஓர் அரைவட்டம் போட்டால் வெளிவிளிம்பு. பிறையின் தடிமன் நடுவில் 3.8 செ.மீ. வந்தது.

பிறைக்கு உள்ளே கதிர்கள். ந-வை மையமாக வைத்து, இறுக்கி வைத்த 8.14 ஆரத்தில் ஒரு வளைவு போட்டால் பிறையின் உள்விளிம்பை இரண்டு இடத்தில் வெட்டும். அந்த இரண்டையும் சேர்த்த கோடு நடுக்கோட்டை வெட்டும் இடம் ட. ட-வை மையமாக வைத்து 7.72 ஆரத்தில் ஓர் அரைவட்டம், 5.56 ஆரத்தில் ஒரு வளைவு. இரண்டுக்கும் இடையில் எட்டு சம முக்கோணங்கள். முழு வட்டத்துக்குப் பதினாறு கதிர், கண்ணுக்குத் தெரிவது எட்டு என்று அரசியலமைப்பின் எட்டாவது பிரிவு சொல்கிறது. அதனால் ஒவ்வொன்றுக்கும் 22.5 பாகை. கதிரின் கூர்முனை நடுக்கோட்டில் விழ வேண்டுமா, இரண்டு கதிருக்கு நடுவே உள்ள பள்ளம் விழ வேண்டுமா என்று சந்திரனுக்கு அட்டவணை சொல்லவில்லை. எட்டு இரட்டைப்படை, அரைவட்டத்தைச் சமமாகப் பங்கிட்டால் பள்ளம்தான் நடுவில் வரும். அப்படியே வைத்தேன்.

சூரியனுக்கு வந்தபோதுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அ-வுக்கும் ஊ-வுக்கும் நடுவே, 21.2 செ.மீ. உயரத்தில் படுக்கையாக ஒரு கோடு. அது நடுக்கோட்டைச் சந்திக்கும் இடம் சூரியனின் மையம். ஆரம் என்ன? உள்வட்டத்துக்கு ம-விலிருந்து ந வரை உள்ள தூரம், வெளிவட்டத்துக்கு ல-விலிருந்து ந வரை உள்ள தூரம். 8.14, 12.84. சூரியனுக்கென்று சொந்தமாக ஓர் அளவும் இல்லை, இரண்டையும் சந்திரனிடமிருந்துதான் எடுக்க வேண்டும். சந்திரனைத் தப்பாக வரைந்தவருக்குச் சூரியனும் சரியாக வராது. சந்திரன் நேபாள மக்களின் அமைதியான சுபாவத்தையும் மலைநாட்டின் குளிர்ச்சியையும், சூரியன் அவர்களின் உறுதியையும் தாழ்நிலத்தின் வெப்பத்தையும் காட்டுவதாகச் சொல்கிறார்கள். முன்பு சந்திரன் அரச குடும்பத்தையும் சூரியன், பிரதமர் பதவியைப் பரம்பரையாக வைத்திருந்த ராணா குடும்பத்தையும் குறித்ததாகவும் சொல்வதுண்டு. அதெல்லாம் சொல்லிக் கேட்கிற பொருள். உறுதியின் அளவை அமைதியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது கை வைத்து வரைந்தவருக்கு மட்டும் கிடைக்கிற பொருள். அட்டவணை எழுதியவர்கள் அப்படி நினைத்து எழுதினார்களோ இல்லையோ, நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

சூரியனுக்குப் பன்னிரண்டு கதிர், தலைக்கு 30 பாகை. இங்கே சந்தேகத்துக்கு இடமில்லை: இரண்டு கதிர்களின் கூர்முனைகள் நடுக்கோட்டைத் தொட வேண்டும் என்று அட்டவணையிலேயே இருக்கிறது. கதிரின் உயரம் 4.7, அடி 4.2 செ.மீ.

இந்தக் கொடியில் 1962 வரை சூரியனுக்கும் சந்திரனுக்கும் மனித முகம் இருந்தது. கண், மூக்கு, வாய் எல்லாம் உண்டு. இன்றைய வடிவத்தை வரையறுத்தபோது முகங்களை எடுத்துவிட்டார்கள். சூரிய சந்திரர் உள்ளவரை நாடு நிலைக்க வேண்டும் என்ற வேண்டுதல் மட்டும் அப்படியே இருக்கிறது. நம் ஊர்ப்பக்கம் தானம் கொடுத்த கல்வெட்டுகளின் தலையில் சூரியனையும் பிறையையும் செதுக்கியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேண்டுதல் புதிதாக இருக்காது.

தாளில் கடைசியாக ஓரப் பட்டி. இதன் அகலமும் சந்திரனிலிருந்துதான் வருகிறது: ட-வுக்கும் ந-வுக்கும் இடையிலுள்ள தூரம், 2.58 செ.மீ. ஐந்து மூலைகளிலும் வெளிக்கோணம் உள்கோணத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதாவது மூலையை மழுக்கக் கூடாது, கூராக முடிய வேண்டும். இதன் விளைவு ஒன்று வரைந்து பார்த்தால்தான் தெரியும். உள்ளே இருக்கும் சிவப்பில் இரண்டு முக்கோணங்களின் அடியும் ஒரே 60 செ.மீ. ஆனால் மேல் முனை 32 பாகை, கீழ் முனை 45 பாகை. கூர்மை கூடக் கூட அதே அகலப் பட்டி அதிகம் நீளும். மேல் முனையில் நீலம் சிவப்பைத் தாண்டி 9 செ.மீ. நீள்கிறது, கீழ் முனையில் 6.2தான். அதனால் பட்டி வைத்த பிறகு மேல் முக்கோணம் கீழ் முக்கோணத்தைவிட 2.8 செ.மீ. வெளியே நிற்கிறது. படத்தைப் பார்த்து வரைகிறவர்கள் பலர் இரண்டு முனைகளையும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி ஒரு கொடியைப் பார்த்தால் ஓரப் பட்டியைச் சட்டப்படி வைக்கவில்லை என்று உடனே சொல்லிவிடலாம்.

இனி துணி. பாப்ளின் எடுத்தேன். ஜவுளிக் கடையில் சிவப்பு என்று கேட்டால் ஏழெட்டு சிவப்புகளை எடுத்துப் போடுகிறார்கள். சட்டம் கேட்பது சிம்ரிக் என்று அவர்கள் சொல்லும் கருஞ்சிவப்பு. அந்த நாட்டு மலரான லாலிகுராஸ், அதாவது மலைச்சரிவுகளில் மரமாக வளர்ந்து பூக்கும் ரோடோடென்ட்ரான், அதன் நிறம். பக்கத்துத் தெரு உணவகத்தில் வேலை செய்யும் நேபாளத் தம்பியிடம் துண்டுகளைக் காட்டினேன். முதல் துண்டைப் பார்த்ததுமே, "தீதி (அக்கா), இது மெரூன். இதுல பூ வராது" என்று ஒதுக்கினான். அவன் எடுத்துக் கொடுத்தது நான் நினைத்திருந்ததைவிட ஒரு சாயல் வெளிச்சமானது. வெற்றியையும் வீரத்தையும் குறிக்கும் நிறம், அதைச் சுற்றி அமைதிக்கு நீலம். நீலத்தில் கருநீலத்தைத்தான் எடுக்க வேண்டும், ராயல் புளூ பொருந்தாது.

சிவப்புப் பாப்ளின் சாயம் விடும். பாதி அளவுக் கொடியில் ஈரத் துணி போட்டு இஸ்திரி செய்தபோது பிறையின் விளிம்பெல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டது. இந்த முறை வாங்கியதும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் தெளிவாக வரும் வரை அலசி, நிழலில் காயவைத்து, வெள்ளைத் துண்டு ஒன்றை ஈரமாக மேலே வைத்து இஸ்திரி போட்டுப் பார்த்தேன். துண்டில் கறை ஒட்டவில்லை. நீலத்துக்கும் இதே வேலை.

சிவப்பை வெட்டும்போது கம்பப் பக்கம் துணியின் கரையை ஒட்டி வரட்டும். கரைப்பக்கம் இழுபடாது, கொடி தொங்கும்போது பாரம் அங்கேதான் விழும். அப்படி வைத்தால் கீழ் முக்கோணத்தின் 45 பாகைச் சாய்வு சரியாக உரேப்பில், அதாவது துணியின் இழைகளுக்குக் குறுக்குச் சாய்வாக வரும். வெட்டிய நிமிடத்திலிருந்து அந்த விளிம்பு ரப்பர் மாதிரி நீளத் தொடங்கும். அதனால் வெட்டும் முன்பே, கோட்டுக்கு 3 மி.மீ. வெளியே மிஷினில் ஒரு நேர்த்தையல் ஓட்டிவிட்டு, கோட்டிலிருந்து 8 மி.மீ. வெளியே விட்டு வெட்டினேன். அந்த விளிம்பு வெட்டிய பிறகும் 60 செ.மீ. அளவிலேயே நின்றது.

வரைபடத்தில் உதவிக்குப் போட்ட கோடுகள் எல்லாம் கற்பனைக் கோடுகள், கொடியில் தெரியக் கூடாது என்று அட்டவணையின் கடைசியில் ஒரு விளக்கம் இருக்கிறது. அதனால் துணியில் நடுக்கோட்டை மட்டும் வெள்ளை நூலில் நூலோட்டம் போட்டுக் குறித்தேன், பிறகு உருவிவிடலாம். சூரியனையும் சந்திரனையும் தடித்த அட்டையில் வெட்டி அச்சாக வைத்துக்கொண்டேன். இரண்டுமே நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமமாக இருப்பதால் அட்டையை எப்படித் திருப்பிப் போட்டாலும் பொருந்தும்.

இரண்டு பக்கமும் வெள்ளை தெரிய வேண்டும், அதுதான் தையலில் சிக்கலான இடம். பாதி அளவுக் கொடியில் வெள்ளைத் துணிக்குப் பின்னால், ரவிக்கைக் கழுத்துக்கு வைக்கும் ஒட்டுக் கேன்வாஸை இஸ்திரி போட்டு ஒட்டி, ஒரு துண்டை முன்னாலும் ஒரு துண்டைப் பின்னாலும் வைத்துத் தைத்தேன். சிவப்போடு சேர்த்து ஐந்து அடுக்கு ஆகிவிட்டது. கொடி அட்டை போல விறைத்து நின்றது, காற்றில் அசையவே இல்லை. கொடிக்கு அது ஆகாது. இந்த முறை கேன்வாஸே இல்லை. வெள்ளைப் பாப்ளினுக்குக் கெட்டியாகச் சோற்றுக் கஞ்சி போட்டு, மொடமொடவென்று இஸ்திரி செய்து, அட்டை அச்சை வைத்து வரைந்து, மடிப்புக்கு இடம் விடாமல் கோட்டிலேயே வெட்டினேன். கஞ்சி இறுகியிருப்பதால் கத்தரி போகும் இடத்தில் நூல் பிரியவில்லை. அதைச் சிவப்பின் மேல், நடுக்கோட்டைப் பார்த்து வைத்து, கையால் நெருக்கமாக நூலோட்டம் போட்டு நிறுத்தினேன்.

என்னிடம் இருப்பது பழைய உஷா மிதி மிஷின், நேர்த்தையல் மட்டும்தான் போடும். விளிம்பை மூடுவதற்கு, புடவைக்கு ஃபால்ஸ் வைத்து ஜிக்ஜாக் அடிக்கும் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்கார அக்காவிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவர் கொடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கதிர் நுனில ஊசி துணிக்குள்ள நிக்கும்போது காலைத் தூக்கித் திருப்பணும். அவசரப்படுத்தாம விட்டுட்டுப் போங்க கண்ணு" என்றார். அவர் சொன்னதுதான் சூட்சுமம். இருபது கதிர், இருபது நுனி, அவற்றுக்கு இடையில் பள்ளங்கள். ஒவ்வொன்றிலும் ஊசியை இறக்கி நிறுத்தி, பிரஷர் காலைத் தூக்கித் துணியைத் திருப்ப வேண்டும். பிறைக் கொம்புகளுக்கு மட்டும் தையல் அகலத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போனார். கொம்பு 21 பாகைக் கூர்மை, ஒரே அகலத்தில் தைத்தால் நுனி உருண்டைக் கட்டியாகிவிடும். மற்ற இடத்தில் 3 மி.மீ. அகலம், நெருக்கமான தையல், வெள்ளை நூல்.

வீட்டுக்கு வந்து கொடியைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்துச் சிவப்பை மட்டும் தையலுக்கு 1 மி.மீ. உள்ளே, முனை கூரான சின்னக் கத்தரியால் வெட்டி எடுத்தேன். இப்போது அந்த இடத்தில் இருப்பது ஒற்றை அடுக்கு வெள்ளை மட்டும், முன்னும் பின்னும் அதே துணி. வெட்டும்போது இரண்டு துணிக்கும் நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகிக்கொள்ளுங்கள், கத்தரி வெள்ளையில் இறங்காது. கஞ்சியை அலசி எடுத்த பிறகு கொடி மறுபடியும் துணியாகிவிட்டது, மின்விசிறிக் காற்றுக்கே அசைந்தது.

நீலப் பட்டிக்கு ஐந்து துண்டுகள். பாதி அளவில் தலையணை உறைக்கு வைப்பதைப் போல ஒரே நீளப் பட்டியை மூலைக்கு மூலை மடித்துக்கொண்டு போனதில், மேல் முனையில் துணி அடுக்கடுக்காகக் குவிந்து ஊசி உடைந்தது. 32 பாகை முனையில் மடிப்பு வேலை நடக்காது. தனித்தனியாக வெட்டி மூலையில் மூட்டுவதே வழி. ஒவ்வொரு துண்டும் 6.8 செ.மீ. அகலம்: முன்பக்கத்துக்கு 2.58, பின்பக்கத்துக்கு 2.58, மீதி மடிப்புக்கு. வெளிவிளிம்பின் நீளங்கள்: கம்பப் பக்கம் 87.2, அடி 68.8, கீழ்ச் சாய்வு 60, இரண்டு முக்கோணத்துக்கும் நடுவிலுள்ள படுக்கைப் பகுதி 45.2, மேல் சாய்வு 84.4. கீழ்ச் சாய்வில் பட்டியின் வெளி நீளமும் உள் நீளமும் ஒரே 60. ஒரு முனையில் எவ்வளவு கூடுகிறதோ, உள்ளொடுங்கிய மூலையில் அவ்வளவு குறைந்துவிடுகிறது.

துண்டுகளின் முனைகளைக் காக்கித் தாளைப் பார்த்தே சாய்வாக வெட்டினேன், அளந்து வெட்டவில்லை. மூலைக்கு மூலை மூட்டி முதலில் ஒரு முழு நீலச் சட்டகம் செய்துகொண்டேன். மேல் முனையில் இந்த மூட்டு மட்டும் 9.3 செ.மீ. நீளம். தைத்த பிறகு உள்ளே மிஞ்சும் துணியை 3 மி.மீ. விட்டு நறுக்கி, முனைக்குப் போகப் போக இன்னும் குறைத்து, மழுங்கிய பின்னல் ஊசியால் தள்ளித் திருப்பினேன். பிறகு சிவப்பைச் சட்டகத்தின் வாய்க்குள் 8 மி.மீ. செருகி, முன்னும் பின்னும் சேர்த்து ஒரே தையல். உள்ளொடுங்கிய மூலையில் நீலத்தின் உள்மடிப்பு இரட்டிக்கும், அங்கே ஒன்றை நறுக்கிவிட வேண்டும். மற்ற நான்கு மூலைகளிலும் அதற்கு நேர்மாறு, மடிப்பு மடங்குவதற்காக மூலை வரை ஒரு வெட்டுக் கொடுக்க வேண்டும்.

கயிற்றில் கட்டுவதானால் பட்டியை இப்படியே விடலாம், கம்பத்தில் ஏற்றுவதானால் கம்பப் பக்கத்து உறையைத் தேவைக்கேற்ப அகலப்படுத்தலாம் என்று 24ஆம் படி அனுமதிக்கிறது. நான் கயிற்றைத் தேர்ந்தெடுத்தேன். சூரியனின் இடது கதிர்முனை சிவப்பின் விளிம்பிலிருந்து 2.2 செ.மீ. தூரத்தில் நின்றுவிடுகிறது, கயிறு பட்டிக்குள்ளேயே ஓடுவதால் அதை இடிக்கவில்லை.

செலவு: சிவப்பு ஒரு மீட்டர் 110 ரூபாய், நீலம் அரை மீட்டர் 55, வெள்ளை அரை மீட்டர் 50, நூல்கண்டு மூன்று 45, ஜிக்ஜாக் கூலி 150, கயிறு 20. மொத்தம் 430 ரூபாய். கூலிதான் பெரிய செலவு, அந்தக் கைவேலைக்கு அது குறைவு என்றே நினைக்கிறேன். காக்கித் தாள் வீட்டில் இருந்தது.

அடுத்த கொடியில் மாற்ற வேண்டியவை சில. பட்டிக்கு நீலப் பாப்ளினைவிடச் சற்று மெல்லிய துணி எடுப்பேன். மேல் முனையில் இப்போதும் கொஞ்சம் தடிப்பு இருக்கிறது, தொட்டால் தெரியும். வெள்ளைக்குக் கொஞ்சம் தடித்த துணி வேண்டும், ஒற்றை அடுக்கு என்பதால் பின்னால் வெளிச்சம் இருந்தால் சூரியன் லேசாக ஊடுருவித் தெரிகிறது. வெளியே ஏற்றுவதானால் பாப்ளினே வேண்டாம், பாலியெஸ்டர்தான் வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும். ஆனால் அதில் கஞ்சி பிடிக்காது, விளிம்பைச் சூடான கத்தியால் வெட்டி உருக்கிவிட வேண்டியிருக்கும்.

வேறு அளவில் தைப்பவர்களுக்கு: அடிக்கோட்டை 0.043 ஆல் பெருக்கினால் ஓரப் பட்டியின் அகலம், 0.2140 ஆல் பெருக்கினால் சூரியனின் வெளி ஆரம், 0.1357 ஆல் பெருக்கினால் உள் ஆரம். முழுக் கொடியின் அகலத்துக்கு 1.193, உயரத்துக்கு 1.454. தாளில் வரைந்து முடித்த பிறகு சரிபார்க்க மட்டும் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள், வரைவதை அட்டவணைப்படியே வரையுங்கள். அடிக்கோடு 90 செ.மீ. வைத்தால் கொடி 107 அகலம், 131 உயரம், பட்டி 3.9. சிவப்பு ஒன்றேகால் மீட்டர், நீலம் முக்கால் மீட்டர் போதும். நீலத்தை மட்டும் நீளவாக்கில் வெட்ட முடியாது, கம்பப் பக்கப் பட்டி 131 செ.மீ. என்பதால் ஓரிடத்தில் ஒட்டுப் போட வேண்டிவரும், அந்த ஒட்டு ஊ-வுக்கு நேரே வரட்டும்.